அந்தத் தழும்பைச் சொன்னவள் நான்

மகன்,

அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தரம் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் என் வாய் வேறு எதையோ கதைக்கப் போய்விடுகிறது. கொழும்பில் மழையா, சாப்பிட்டாயா, இருமல் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, வரி கோணிக்கொண்டு போகும், நீ பொறுத்து வாசி. வாசித்த பிறகு இதை மறைத்து வைக்காதே. நம் குடும்பத்தில் யார் கேட்டாலும் கொடு. அன்றைக்குத் தெருவில் நின்று வாயால் பரப்பியதற்கு இன்றைக்குக் கையால் எழுதித் தருகிறேன்.

போன கிழமை நீ சாய்ந்தமருதுக்கு ஆள் அனுப்பி, கலியாணம் இப்போதைக்கு வேண்டாம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, "ஒரு மனிசன மவுத்தாக்கிப் போட்டு நான் மாப்பிள்ளையாப் போய்க் குந்தவா உம்மா?" என்றாய். அந்தச் சொல்லோடுதான் நான் ஏழு நாளாக இருக்கிறேன். உன் ஜவ்பர் மாமா, என் கூடப்பிறந்த ஒரே தம்பி, பொத்துவிலில் நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவன் சைக்கிள் கடையைப் பூட்டிக்கொண்டு கல்முனைக்குடியை விட்டுப் போனது உன் சொல்லால்தான், உடைந்து செத்ததும் அதனால்தான் என்று நீ நினைக்கிறாய். அப்போது நடந்தது எல்லாம் உனக்குத் தெரியாது. பாதி என்னிடம் இருக்கிறது. எனக்கே அது மூன்று மாதத்துக்கு முன்புதான் தெரிய வந்தது.

உன் வாப்பா மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்து, நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது உனக்கு ஆறு வயது. வேறு யாரிடமும் விட மனமில்லாமல், கலியாணம் முடிக்காமல் இருந்த தம்பியை நம் வீட்டில் கொண்டுவந்து வைத்து, உன்னை அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டு வருடம். அங்கே வேறு ஒரு பெண்ணின் பிள்ளைக்குத் தலை சீவி விட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம், என் பிள்ளைக்கு யார் சீவுகிறார்கள் என்று நினைப்பேன். திரும்பி வந்தபோது நீ என்னிடம் வரவில்லை. மாமா உடுத்திருந்த சாரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தாய். அவன் சிரித்துக்கொண்டு, "போடா, அது ஒன்ட உம்மாடா, புள்ள புடிக்கிறவ இல்ல" என்று உன்னை என் பக்கம் தள்ளிவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு உள்ளே விழுந்த கீறல் ஒரு நாளும் ஆறவில்லை. உனக்கு என்ன கெடுதல் வந்தாலும் அது நான் இல்லாத அந்த இரண்டு வருடத்தில்தான் வந்திருக்கும் என்று ஒரு எண்ணம். காய்ச்சல் வந்தாலும், பரீட்சை பிழைத்தாலும் அதே எண்ணம்தான். பின்னால் நடந்தது எல்லாம் அந்த எண்ணத்தில் இருந்துதான் வந்தது.

பிறகு நீ பெரியவனாகி, கொழும்பில் வேலைக்குப் போய், நித்திரை வராமல், பஸ்ஸுக்குள் ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று கவுன்சிலிங்குக்குப் போகத் தொடங்கினாய். எனக்கு அந்தச் சொல்லே அப்போது புதிது. யாரோ படித்த பிள்ளை, உட்கார வைத்துக் கதைக்கிறாள், மருந்து கொடுப்பதில்லை என்றாய். நல்லதுதானே என்றேன். பல கிழமை போன பிறகு ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு நான் முசல்லாப் பாயை மடிக்கும்போது போன் அடித்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். அந்தப் பிள்ளை கண்ணை மூடச் சொல்லி, சின்ன வயதுக்குப் போகச் சொல்லி, உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், தேடிப் பார் என்று சொன்னாளாம். பல தடவை ஒன்றும் வரவில்லையாம். அன்றைக்கு வந்ததாம்.

"என்னடா மகன் வந்த?"

"ஒரு அறை உம்மா. இருட்டு. கதவு சாத்தியிரிக்கி. யாரோ என்னப் புடிச்சிக்கிட்டிரிக்காங்க. மூச்சு விட ஏலா. ஒரு மணம்."

"யாரு?"

"தெரியா உம்மா. மொகம் இல்ல."

மகன், நீ சொன்னது அவ்வளவுதான். ஒரு அறை, ஒரு கை, ஒரு மணம். முகம் இல்லை என்று நீயே சொன்னாய். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "என்ன மணம்? சொலுசன் மணமா?" என்று கேட்டேன். சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலுசன். உன் மாமாவின் கையில் எப்போதும் இருந்த மணம். "இரிக்கும் உம்மா" என்றாய். "நம்மட ஊட்டு உள்ளறையா? அந்த நீலக் கட்டம் போட்ட சாரமா?" என்று கேட்டேன். "ஓம்போலக் கெடக்கு" என்றாய். "கையப் பாரு மகன். வலக்கைப் பெருவிரல்ல, நகத்துக்குப் பக்கத்தில தழும்பு தெரியுதா?" என்று கேட்டேன். அப்போது நீ கத்தினாய். "தெரியுது உம்மா, தெரியுது, தழும்பு இரிக்கி" என்று கத்தினாய். அன்றைக்கு நீ பொய் சொல்லவில்லை. அந்த நேரம் உன் கண்ணுக்குள் அது தெரிந்தது. எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன். இதை நான் என் வாழ்நாளில் ஒருவரிடமும் சொன்னதில்லை, உன் வாப்பாவிடம்கூட.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சங்கிலி காணாமல் போனது. மை பார்க்கிற ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். மார்க்கத்தில் கூடாத வேலை, பள்ளிவாசலுக்குத் தெரியாமல் செய்தார்கள். வயதுக்கு வராத பிள்ளையின் கண்ணுக்குத்தான் மை காட்டுமாம். என்னை உட்கார வைத்து, ஒரு வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவிக் கையில் தந்து, விளக்கை முன்னால் வைத்து, கண் இமைக்காமல் பார் என்றான். முதலில் என் மூக்குத்தான் அதில் தெரிந்தது. "ஒரு ஆள் வந்து வாசல் கூட்டுறான், தெரியுதா?" என்றான். இல்லை என்றேன். "வடிவாப் பாரு புள்ள, வருவான்." சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் பார்த்தேன். வந்தான் மகன். விளக்குமாறோடு வந்தான். "இப்ப கள்ளன் வருவான். ஆம்புளயா பொம்புளயா?" பொம்பளை என்றேன். "முக்காடு போட்டிரிக்காளா? என்ன நெறம்?" பச்சை என்றேன். அந்தத் தெருவில் பச்சை முக்காடு போடுகிறவர் இடியப்பம் விற்கிற ஆசியா உம்மா ஒருவர்தான். நிறத்தைச் சொன்னதும் முகமும் வந்துவிட்டது. அவர் குனிந்து சங்கிலியை எடுத்து இடுப்பில் செருகுவதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். இன்றைக்கும் அதைக் காண்கிறேன். நான் என் சின்ன வயதில் உண்மையாகக் கண்ட எத்தனையோ விசயங்களை விட அது தெளிவாக இருக்கிறது.

ஆசியா உம்மாவிடம் ஒருவரும் இடியப்பம் வாங்கவில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அடுத்த வருடம் அந்த வீட்டில் மெத்தையைப் பிரித்துப் பஞ்சு காயப்போட்டபோது சங்கிலி பஞ்சுக்குள் கிடந்தது. வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு சீனித் துண்டைத் தந்து, "வாயத் தொறக்காத புள்ள" என்றாள். நான் திறக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகத் திறக்கவில்லை.

நீ கண்ணை மூடினேன், வந்தது என்று சொன்ன அந்த நிமிசமே எனக்கு மை ஞாபகம் வந்தது. இதுதான் உன்னிடம் சொல்ல வேண்டிய பெரிய குற்றம். அதைப் பிடித்துத் தள்ளினேன். தம்பிக்காக இரங்கினால் பிள்ளைக்கு இன்னொரு தரம் துரோகம் செய்வதாக ஆகிவிடும் என்று பயந்தேன். ஒரு தரம் விட்டுவிட்டுப் போனவள், இந்தத் தரம் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். உன் பக்கம் நிற்பது என்றால் உன்னைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மைக்காரன் என்னிடம் கேட்டதுபோலவே உன்னிடம் கேட்டேன். அவன் கேட்டது ஒரு சங்கிலிக்காக.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போனதை நீ மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருப்பாய். அவன் வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும், "வாங்க ராத்தா, என்ன இண்டைக்கி வெள்ளணயே சண்டைக்கி வந்த மாதிரி மூஞ்சி?" என்று பகிடி விட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறை, சாரம், சொலுசன், விரலில் இருந்த தழும்பு, எல்லாம். அத்தனை பேருக்கு முன்னால் உன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன். உனக்கு மறைப்பாக இருந்ததைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டினேன், உன்னிடம் ஒரு சொல் கேட்காமல். அதற்கு வேறாக உன்னிடம் மாப்புக் கேட்கிறேன்.

அவன் எழும்பவே இல்லை. "நானா? என்ட மருமகனையா?" என்றான். பிறகு விரலைத் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "குர்ஆனக் கொண்டு வாங்க, புடிச்சிச் சொல்றன்" என்றான். "குர்ஆனத் தொடாதடா" என்றேன் நான். அதற்குப் பிறகு என் தம்பியோடு நான் கதைத்ததில்லை. பள்ளிவாசலில் எங்கள் குடும்பங்களுக்குப் பொறுப்பான குடி மரைக்காயர் இரண்டு பக்கமும் வந்து, பள்ளிக்கு இதைக் கொண்டு வராதீர்கள், மானம் போகும், ஒதுங்கி இருங்கள் என்று முடித்துவிட்டார். விசாரித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு அவன் தன் பெண்சாதி றபீக்கா மாமியின் ஊரான பொத்துவிலுக்குப் போய்விட்டான்.

ஒரு வருடம் கழித்து நீ பெரிய ஆஸ்பத்திரியில் வேறு ஒரு டொக்டரைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "உம்மா, இப்பிடி மறுகா வாற ஞாபகம் உண்மையாவும் இரிக்கலாமாம், இல்லாமயும் இரிக்கலாமாம். எவ்வளவு தெளிவா இரிக்கி எண்டத வெச்சிச் சொல்ல ஏலாதாம். வெளியால இருந்து ஒரு சாட்சி வேணுமாம்." நீ பயந்து பயந்துதான் சொன்னாய். மாமாவைப் பற்றி ஏதோ கேட்கத்தான் வந்தாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "முடிஞ்ச கதைய என்னத்துக்குக் கிண்டுற? சாப்புடு" என்றேன். வெளியால் இருந்த சாட்சி நான்தான் மகன். உன் முன்னால் நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் உயிரோடு இருந்தான். பஸ்ஸில் ஏறியிருந்தால் அவனிடம் போயிருக்கலாம்.

ஜனாஸாவுக்கு நீ வரவில்லை. நான் போனேன். அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்த பிறகு றபீக்கா மாமி என் பக்கத்தில் வந்து இருந்தாள். அவள் அழவில்லை. "மதினி, அந்த விரல் எப்ப வெட்டுப்பட்ட?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "நீங்க கடையில நிண்டு சொன்னீங்களே தழும்பு. அது எப்ப வந்த எண்டு தெரியாதா ஒங்களுக்கு? நீங்க குவைத்தால வந்த மறுகாதானே சக்கரத்துக்குள்ள விரல் போன. அவர ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோனதே நீங்கதானே." நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மகன், வந்தது. ரத்தம். நான் குவைத்தில் இருந்து கொண்டு வந்த புதுச் சால்வையின் ஓரத்தைக் கிழித்து அவன் விரலைச் சுற்றியது. நீ பக்கத்தில் நின்று அழுதாய். "மாமா சாகமாட்டான்டா" என்று நான் உன்னை அதட்டினேன். உனக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தேன். சால்வை இருக்கிறது. ஓரம் கிழிந்துதான் இருக்கிறது. நான் நாட்டில் இல்லாத அந்த இரண்டு வருடமும் அவன் விரலில் தழும்பே இல்லை. இல்லாத தழும்பை நான் கேட்டேன், நீ கண்டாய்.

அவன் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மாமியிடம் கேட்டேன். "நானும் கேட்டன்" என்றாள். "ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களன் எண்டு எத்தின தரம் சொன்னன். 'என்ட விரலுக்குத் துணி சுத்தினவ அவ. அவவுக்கு வராத ஞாபகத்த நான் என்னத்துக்கு ஊட்டிவிடுற? வந்தா வரட்டும், நான் இஞ்சதான் கெடப்பன்' எண்டுட்டார். புடிவாதம், ஒங்கட குடும்பத்துப் புடிவாதம்." இரண்டு வருடம் அவன் என் ஞாபகத்துக்குக் காவல் இருந்திருக்கிறான். அது அவனை அடக்கி ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது.

இனி இதையும் கவனமாக வாசி. தழும்பு பொய் என்பதால் எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரிச் சொல்லிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும், நானும் ஒரு மூலையில் இருந்து அழுதுவிட்டுப் போய்விடுவேன். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மறந்து கிடந்து பிறகு ஞாபகம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நம்பாமல் விட்ட வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். உன் அறை, உன் இருட்டு, மூச்சு முட்டியது, அவை உன்னுடையவை. அவற்றை நான் தரவில்லை. அங்கே என்ன நடந்தது, யார், அல்லது ஒன்றுமே நடக்காமல் ஒரு பிள்ளை தன் உம்மாவைத் தேடி இருட்டில் அழுததா, எனக்குத் தெரியாது. என் கேள்விகள் அதன் மேல் விழுந்து, எது உன்னுடையது எது என்னுடையது என்று இனி ஒருவராலும் பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது. உன் மாமாவுக்குச் செய்ததைப்போலவே உனக்கும் இது நான் செய்த அநியாயம். அந்த அறைக்குள் உண்மையில் யார் இருந்தார் என்று தெரிந்துகொள்ளும் வழியை நான் மிதித்து அழித்துவிட்டேன். ஆனால் மணமும் சாரமும் தழும்பும் நான் கொடுத்தவை. அவன் பெயரை முதலில் மனதில் எழுதியவள் நான். அவனை ஊரை விட்டு அனுப்பியது அவைதான். அந்தப் பாரத்தை நீ தூக்காதே. அது உன் தோளுக்கு உரியது இல்லை.

நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும், இன்ஷா அல்லாஹ். ஒரு பிள்ளை உன்னிடம் வந்து ஏதாவது சொல்லத் தொடங்கினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார். "மறுகா? பிறகு?" என்று மட்டும் கேள். அதற்கு மேல் ஒரு சொல்லையும் உன் வாயில் இருந்து எடுத்துக் கொடுக்காதே. பிள்ளை தெரியாது என்று சொன்னால், தெரியாது என்பதையும் ஒரு பதிலாக எடு. நான் எடுக்கவில்லை.

நேற்று நான் சாய்ந்தமருதுக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனது பிழைதான், ஆனால் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லப் போகவில்லை, என்னைப் பற்றிச் சொல்லப் போனேன். உனக்குப் பேசிய பிள்ளையின் உம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, "எங்களுக்கும் காதில விழுந்ததுதானே. மாப்பிள்ளையில கொறை எண்டு நாங்க ஒரு நாளும் நெனைக்கல்ல" என்றார். "கொறை என்னட்ட" என்றேன், தழும்பின் கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அறைக் கதவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தது. வரும் வெள்ளிக்கிழமை பொத்துவிலுக்குப் போய் றபீக்கா மாமியின் சகோதரர்களை இருக்க வைத்து அதையே சொல்வேன். குடி மரைக்காயரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன் என்றார், அவர் வீட்டு வாசலிலேயே இருந்துவிட்டேன், வருகிறார்.

நான் புறப்படும்போது அந்தப் பிள்ளை வாசல் கேட்டடி வரை வந்து, "அவர் எப்ப வருவார் மாமி?" என்று கேட்டது. தெரியாது மகள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை உன்னிடம் கேட்க வேண்டும் போல வாய் துடிக்கிறது. நான் கேட்கப் போவதில்லை மகன். நீ கதைக்கும்போது கதை. நான் இருக்கிறேன்.

உன் உம்மா